ஸ்கிப் செய்ய மனம் வராத காட்சி

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர் கடற்கரையில் எள் போட்டால் கீழே விழாது. யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாற்றி மாற்றி வரும் சூரனை முருகன் வேலால் முடிக்கும்வரை அத்தனை கண்களும் அங்கேயே இருக்கும். மற்ற முருகன் கோயில்களிலும் அன்று சிறிதாகவோ பெரிதாகவோ இந்தச் சண்டை நடக்கும். அறுபடை வீடுகளில் திருத்தணியில் மட்டும் சூரசம்ஹாரம் கிடையாது. அன்றைக்கு இந்த மலையில் புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூவைக் கொண்டுவந்து சண்முகருக்குச் சொரிவார்கள். காரணத்தை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: போரை முடித்த முருகன் கோபம் தணிந்து வந்து நின்ற மலை இது, வள்ளியை மணந்ததும் இங்கேதான். பிறகு இங்கே எதற்குச் சண்டை?

வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளிடம் இதை அவர்கள் பேச்சிலேயே சொல்லிவிடலாம். திருச்செந்தூர் பாஸ் ஃபைட். திருத்தணி அதற்குப் பின்னால் வரும் கட்சீன்.

ஆடாதவர்களுக்கு ஒரு விளக்கம். பாஸ் ஃபைட் என்பது பெரிய எதிரியோடு நடக்கும் சண்டை. ஆட்டத்தின் நடுவே கன்ட்ரோலர் கையில் இருந்தும் அதற்கு வேலை இல்லாமல் போகும் நேரம் ஒன்று வரும். அதுவரை நாம் ஓட்டிக்கொண்டிருந்த பாத்திரம் தானாகப் பேசும், நடக்கும், அழும். நாம் வெறும் பார்வையாளர். இதுதான் கட்சீன். பெரும்பாலான கேம்களில் இதைத் தாண்டிப் போக 'ஸ்கிப்' என்று ஒரு வழியும் இருக்கும். அவசரக்காரர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

1980இல் வந்த பேக்-மேன் விளையாட்டிலேயே இதன் விதை உண்டு. இரண்டு சுற்று முடிந்ததும் ஒரு குட்டி நாடகம்: பேய் துரத்த பேக்-மேன் ஓடும், மறுபக்கமிருந்து திரும்பும்போது பேக்-மேன் பூதாகரமாக வளர்ந்திருக்கும், இப்போது ஓடுவது பேய். சில நொடிகளில் முடிந்துவிடும். ஆடிக் களைத்தவருக்கு மூச்சு வாங்க ஓர் இடைவேளை, அவ்வளவுதான். 1988இல் வந்த நிஞ்சா கைடன், சினிமாபோலக் கோணம் மாற்றி மாற்றிப் படங்களை அடுக்கி, சுற்றுக்குச் சுற்று கதையை வளர்த்தது. அதற்குப் பிறகு சிடி வந்தது, குரல் வந்தது, நடிகர்களின் உடலசைவையும் முகத்தையும் அப்படியே பதிவு செய்யும் வசதி வந்தது. இன்று ஒரு பெரிய கேமின் கட்சீன்களை மட்டும் ஒட்டிப் பார்த்தால் சில முழுநீளப் படங்கள் தேறும்.

இவ்வளவு செலவழித்து எடுத்தவற்றில் மனதில் நிற்பவை ஏன் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன? கோட்டை சரிகிறது, வானம் பிளக்கிறது, ஆயிரம் வீரர்கள் மோதுகிறார்கள், பின்னணியில் கோரஸ் உச்சத்துக்குப் போகிறது. டிரெய்லருக்கு நன்றாக இருக்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எந்தக் கோட்டை, யார் இடித்தது என்று நினைவிருக்காது. நம் சினிமாவுக்கும் இந்த வியாதி உண்டு என்பதால் கேம்களை மட்டும் குறை சொல்லவில்லை. காவியத்துக்குப் பிரம்மாண்டம் கூடாது என்றும் இல்லை. ஆனால் அளவு வேறு, கனம் வேறு. கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, திருத்தணி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கூந்தல் என்னும் கடன்

வட தமிழ்நாட்டுக் கோடையில் நடக்கும் விழா இது. மதியத்தில் மகாபாரதச் சொற்பொழிவு, இரவு விடிய விடியத் தெருக்கூத்து. பல ஊர்களில் இப்படியே நாள்கணக்கில் போகும். இதில் கதை தெரியாதவர் யாரும் இல்லை. அபிமன்யு சாவான் என்று முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தெரியும். முடிவைச் சொல்லிவிட்டார்கள் என்று இணையத்தில் சண்டை போடும் தலைமுறைக்கு இது விளங்காது. தெரிந்த கதைக்காகத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள் என்றால், அவர்களை உட்கார வைப்பது திருப்பம் அல்ல. பாதியில் நிற்கும் ஒரு கணக்கு.

துகிலுரியும் கூத்து நடக்கும் நாளன்று துச்சாதனன் பிடித்து இழுத்த கூந்தலை திரௌபதி விரித்துவிடுகிறாள். துரியோதனன் தொடை பிளந்து அந்த ரத்தத்தைப் பூசித்தான் முடிவேன் என்று சபதம் செய்கிறாள். அதோடு அன்றைய கூத்து முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். கணக்கு முடியவில்லை. அடுத்த நாள்களில் கதை காட்டுக்குப் போகிறது. அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையையும் பூவையும் வீசுகிறார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடி ஏந்தி நிற்கிறார்கள். அதாவது ஊரே ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. விரிந்த கூந்தல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கடைசியில் படுகளம். மேடையில் நடப்பதில்லை, திறந்த வெளியில், பட்டப்பகலில். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்கு மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்து வண்ணம் பூசியிருப்பார்கள். பீமன் வேடமும் துரியோதனன் வேடமும் அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் துரத்திக்கொள்ளும். பீமன் கதையால் தொடையில் அடித்ததும் உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் பீறிடும். அதை எடுத்து திரௌபதி கூந்தலை முடிந்து பூ வைக்கும்போது கூட்டத்தில் சாமி வராத மூலை இருக்காது. நாள்கணக்கில் தூக்கம் விழித்தவர்களின் பங்கும் அந்த முடிச்சில் இருக்கிறது. இதே காட்சியை முன்பின் இல்லாமல் முதல் நாளே நடத்தினால் அது ஒரு மண்பொம்மை, ஒரு குடம் சாயத்தண்ணீர்.

நல்ல கட்சீன் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு கடனை ஏற்றி வைக்கும். இடையில் ஆடுபவர் பத்து இருபது மணி நேரம் உழைப்பார். அந்த உழைப்பையும் சேர்த்துத்தான் பின்னால் வரும் கட்சீன் வசூலிக்கும். 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7இல் ஏரித் என்ற பெண் நம் குழுவில் ஒருத்தி. அவளுக்கு ஆயுதம் வாங்கித் தந்திருப்போம், அடிபட்டபோதெல்லாம் அவள்தான் நம்மைக் குணப்படுத்தியிருப்பாள். மூன்று டிஸ்க்கில் முதல் டிஸ்க் முடிகிற இடத்தில், ஒரு கட்சீனில், செஃபிரோத் அவளைக் குத்திக் கொல்கிறான். இன்றைய கண்ணுக்கு அந்த கிராஃபிக்ஸ் கட்டை பொம்மைபோல இருக்கும். ஆனாலும் உலகம் முழுக்க ஆடியவர்கள் அதை இன்னும் பேசுகிறார்கள். உடனே ஒரு பாஸ் சண்டை தொடங்குகிறது. வழக்கமான போர் இசை வர வேண்டிய இடத்தில் ஏரித்தின் இசையே மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது. இசையமைப்பாளர் நொபுவோ உவேமத்சு. கட்சீன் முடிந்துவிட்டது, துக்கம் ஆட்டத்துக்குள் கசிந்துவிட்டது. அடுத்த சண்டையிலிருந்து அவள் இடம் காலி. அவளுக்காகச் சேர்த்த திறன்களும் போனது போனதுதான். கதையில் ஏற்பட்ட இழப்பு ஆடுபவரின் கைக்கும் இழப்பாகிறது. சினிமாவால் செய்ய முடியாதது இது.

கை தயங்கும் இடம்

துகில் கூத்தில் இன்னொன்றும் நடக்கும். துச்சாதனன் வேடம் போட்டவர் சேலையைத் தொடும் முன் பல ஊர்களில் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். தாயே, வேடத்துக்காகச் செய்கிறேன், பொறுத்துக்கொள் என்ற பொருளில் அந்தக் கலைஞர் வேண்டிக்கொள்வார். பிறகுதான் இழுப்பார். நடக்கப்போவது தவிர்க்க முடியாதது, செய்யப்போகிறவருக்கே அது பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தாக வேண்டும் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கொடுமையைச் செய்யும் கையின் தயக்கத்தைக் காட்டிவிட்டதால் கொடுமை இரண்டு மடங்காகிறது.

இந்தத் தயக்கத்தை ஆடுபவரின் கைக்கே கொண்டுவந்த கேம் ஹிதேயோ கொஜிமாவின் மெட்டல் கியர் சாலிட் 3. 2004இல் வெளியானது. நாயகன் ஸ்னேக்குக்கு எல்லாம் கற்றுக்கொடுத்த பெண் 'தி பாஸ்'. அவர் எதிரிப் பக்கம் போய்விட்டார், அவரைக் கொல்ல வேண்டும் என்பது கட்டளை. வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியில் சண்டை நடக்கிறது, அவர் வீழ்கிறார், கட்சீன் தொடங்குகிறது. ஸ்னேக் துப்பாக்கியை நீட்டுகிறான். காட்சி அங்கே நின்றுவிடுகிறது. சுடுவதற்கான பட்டனை ஆடுபவர்தான் அழுத்த வேண்டும். சண்டையில் எத்தனையோ முறை யோசிக்காமல் அழுத்திய அதே பட்டன். சுட்ட பிறகு பூக்கள் எல்லாம் சிவக்கின்றன. அவர் துரோகியே இல்லை, நாட்டுக்காகப் பழியைச் சுமந்தவர் என்ற உண்மை அதற்கும் பிறகுதான் வருகிறது. அப்போது 'ஸ்னேக் சுட்டான்' என்று யாராலும் சொல்லித் தப்பிக்க முடியாது.

கட்சீனே வேண்டாம் என்று சொல்லும் கட்சியும் உண்டு. 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் கட்டுப்பாட்டை ஆடுபவர் கையிலிருந்து ஏறக்குறைய பிடுங்குவதே இல்லை. கதை நம்மைச் சுற்றி நடக்கும், நாம் நடந்துகொண்டே பார்ப்போம். 2018இன் காட் ஆஃப் வார் வேறு வழியில் போனது. தொடக்கம் முதல் முடிவுவரை கேமரா ஒரு வெட்டுகூட இல்லாமல் ஓடும், கட்சீன் எப்போது முடிந்து ஆட்டம் எப்போது தொடங்கியது என்றே தெரியாது. இரண்டும் வெற்றிபெற்றவை. ஆனாலும் பிடுங்குவதற்கும் ஒரு பயன் இருக்கிறது என்பது என் கட்சி. இவ்வளவு நேரம் எல்லாம் உன் கையில் இருந்தது, இப்போது இல்லை என்று உணர்த்துவதும் கதைதான். எந்த இடத்தில் பிடுங்குவது என்று தெரியாதவர்கள்தான் கதவைத் திறப்பதற்கெல்லாம் கட்சீன் வைக்கிறார்கள்.

தோற்றவனுக்கு யார் அழுவது?

படுகளத்தில் கூந்தல் முடிந்ததோடு கூட்டம் கலைவதில்லை. துரியோதனனின் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். வில்லனின் வீட்டுக்காரி. சற்று முன் பீமன் அடித்தபோது குலவையிட்ட பெண்களே அவளோடு சேர்ந்து அழுவார்கள். நியாயம் வென்றுவிட்டது, சரி. செத்தவனுக்கும் ஒரு வீடு இருந்தது என்று நினைவூட்டாமல் கூத்து முடியாது.

ஷேடோ ஆஃப் த கொலாசஸ் என்ற 2005ஆம் ஆண்டு ஜப்பானிய கேம் இதை நன்றாக அறிந்தது. மலைபோன்ற பதினாறு உயிர்களை ஒவ்வொன்றாக வீழ்த்துவதுதான் மொத்த ஆட்டமும். ஒன்று சாயும்போது வெற்றி முழக்கம் வராது, சோக இசை வரும். கறுப்புக் கயிறுகள் போல ஏதோ ஒன்று அதன் உடலிலிருந்து வந்து நாயகன்மேல் பாயும். இரண்டு மூன்று முறை ஆனதும், நாம் செய்வது சரியா என்ற சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் அடுத்ததைத் தேடிப் போவோம். கந்தபுராணத்திலும் சூரன் வெறுமனே அழியவில்லை. இரண்டாகப் பிளந்து மயிலும் சேவலும் ஆகிறான். எதிரியே வாகனமும் கொடியுமாகக் கூட வருகிறான் என்பதைத் திரைக்கதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

நம் பக்கத்துக் கதைகளைக் கொண்டு யாராவது செய்திருக்கிறார்களா? புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்ற கேமை வெளியிட்டது. அசுரர்கள் கவர்ந்துபோன தம்பியைத் தேடும் ஒரு பெண்ணின் கதை. சொல்பவர்கள் விஷ்ணுவும் துர்க்கையும். முக்கியமான கட்சீன்களை நிழல் பொம்மலாட்டப் பாணியில் செய்தார்கள். திருத்தணிக்கு எல்லை தாண்டிய ஆந்திரத்தில் இன்றும் தோலுபொம்மலாட்டம் உயிரோடு இருப்பதால் இந்தப் பகுதி ரசிகருக்கு அது அந்நியமாக இராது. வடிவம் அருமை. முடிவு சட்டென அறுந்துவிடுகிறது என்று அப்போதே பலர் விமர்சித்தார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏற்றிய கடனை வசூலிக்காமலே கடையைக் கட்டிவிட்டார்கள்.

முழுக்க வசூலித்தது, சண்டையே இல்லாத ஒரு தமிழ் கேம். டொரோன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'. 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மாவுடைய பழைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன இடத்தை ஊகித்து இட்லி வேகவைப்பதுதான் நமக்கு முதல் வேலை. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று கண்டுபிடித்தால் தேறிவிடலாம். ரேடியோவில் தமிழ் சினிமாவின் வெவ்வேறு காலச் சாயலில் பாட்டு ஓடும். சமையல் முடிந்ததும் கதை: மகன் தமிழிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறான். ஆண்டுகள் கழித்து அதே குறிப்பேடு வளர்ந்த கவின் கைக்கு வருகிறது, அவனாக இருந்து சமைக்க வேண்டியது நாம். இம்முறை தடை கிழிந்த தாள் அல்ல, அவனுக்குச் சரியாக வாசிக்க வராத தமிழ் எழுத்து.

2024இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது வெண்பாவுக்குக் கிடைத்தது. மெட்டல் கியர் சாலிட் 4இன் முடிவுக் காட்சிகள் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். வெண்பா, சமையலும் கதையும் சேர்த்து, மொத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.