கொழுப்பு மாத்திரைக்கு இன்னொரு வேலை உண்டா?

கணையம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் வயிற்றைச் சுற்றிப் பொதுவாகக் கையை ஆட்டுவோம். இதயத்துக்குச் சினிமாவில் பாட்டு உண்டு. ஈரலுக்கு ஓட்டலில் வறுவல் உண்டு. கணையத்துக்கு ஒன்றும் கிடையாது. கல்யாண வீட்டில் பந்திக்குப் பின்னால் நின்று வேலை பார்க்கிற சமையல்காரர் மாதிரி, இரைப்பைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஜீரண நீரும் இன்சுலினும் சுரந்துகொண்டிருக்கும். அவருக்கு உடம்பு சரியில்லை என்பது சாம்பார் வராதபோதுதான் நமக்குத் தெரியும்.

கணையப் புற்றுநோயின் பயங்கரமே இதுதான். மஞ்சள் காமாலை, முதுகுக்குப் போகிற வலி, காரணமில்லாமல் எடை குறைவது, வயதான காலத்தில் திடீரென்று தலைகாட்டுகிற சர்க்கரை என்று அடையாளங்கள் வருவதற்குள் நோய் பெரும்பாலும் பரவியிருக்கும். அத்தனை வசதியுள்ள அமெரிக்காவிலேயே, நோய் தெரிந்து ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர்தான்.

இப்படிப்பட்ட நோயாளியின் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் என்ன ஆகும்?

நண்பர் ஒருவரின் தங்கை போன் செய்தாள். அவள் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருக்கிறது.

"அண்ணா, கொலஸ்ட்ராலுக்குப் போடற மாத்திரை இந்தக் கேன்சரைக் கொல்லுதாமே? எங்க மாமியார் தினம் ராத்திரி போட்டுக்கறாங்களே, அதே மாத்திரைதான். கீமோ போட்டா மனுஷன் ரெண்டு நாள் எழுந்திருக்கறதில்லை. அதை நிறுத்திட்டு இதையே நாளைக்கு நாலு கொடுத்துப் பார்க்கலாமான்னு இவர் கேக்கறார்."

"டாக்டரைக் கேக்காம எதையும் நிறுத்தாதே, எதையும் ஆரம்பிக்காதே. ரெண்டு நாள் டயம் கொடும்மா" என்றேன். கேலி பண்ணுகிற விஷயமில்லை. அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. அதுதான் சிக்கல்.

மாத்திரையின் பூர்வீகத்திலிருந்து வருகிறேன். ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒரு விஞ்ஞானி. விவசாயக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே காளான், பூஞ்சணம் என்றால் உயிர். சாங்க்யோ என்ற மருந்துக் கம்பெனியில் 1971-ல் ஒரு வேலையை ஆரம்பித்தார். உடம்பு கொழுப்பு தயாரிப்பதைத் தடுக்கிற சரக்கு ஏதாவது பூஞ்சணத்தில் இருக்குமா என்று தேடுவது. சுமார் 6,000 வகைகளைச் சோதித்தார். கடைசியில் 1973-ல் அகப்பட்டது, க்யோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில். நாமாக இருந்தால் களைந்து கொட்டிவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்போம்!

எலிக்குக் கொடுத்தார்கள். கொழுப்பு அசையவில்லை. கதை முடிந்தது என்று கம்பெனி நினைத்தது. எண்டோ விடவில்லை. முட்டையில் கொழுப்பு அதிகம், ஆகவே முட்டையிடும் கோழியிடமும் அதிகம் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு, சக விஞ்ஞானி ஒருவரின் ஆராய்ச்சிக் கோழிகளுக்குக் கொடுக்க வைத்தார். இறங்கிவிட்டது! அப்புறம் நாய்களுக்குத் தீங்கு என்ற சந்தேகத்தில் 1980-ல் கம்பெனி அந்த மருந்தையே கைவிட்டது தனிக் கதை. அமெரிக்காவின் மெர்க் கம்பெனி அதே ஜாதி மருந்தான லோவாஸ்டாடினை 1987-ல் கடைக்குக் கொண்டுவந்தது. இன்று வீட்டுக்கு வீடு இருக்கிற அடார்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் எல்லாம் அந்த வம்சம்தான். எண்டோ 2024-ல் தொண்ணூறு வயதில் காலமானார்.

சரி, கொழுப்பு மாத்திரைக்கும் கணையத்துக்கும் என்ன உறவு?

நம் உடம்பின் செல்களில் கொழுப்பு தயாரிக்க ஒரு பைப் லைன் உண்டு. ஸ்டாட்டின் அதன் மெயின் வால்வை அடைக்கிறது. ஆனால் அந்த லைனில் கொழுப்பு மட்டும் வருவதில்லை. நடுவில் சில கிளைக் குழாய்கள் பிரிகின்றன. அதில் ஒன்றில் தயாராவது, சில புரதங்களுக்கு ஒட்டவைக்கிற ஒரு பிசுபிசு வால்.

கணையப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கே-ராஸ் என்ற மரபணு கெட்டுப்போயிருக்கிறது. அது தயாரிக்கிற புரதம் செல்லுக்குள் ஒரு காலிங்பெல் சுவிட்ச் மாதிரி. 'வளரு, பெருகு' என்று கட்டளை கொடுக்கும். கெட்டுப்போனால் சுவிட்ச் அமுங்கியபடியே நின்று ஓயாமல் அடிக்கும். இந்தச் சுவிட்ச் செல்லின் சுவரில் ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும். ஒட்டுவதற்கு அந்த வால் வேண்டும். வாலே தயாராகாமல் மெயின் வால்வை அடைத்துவிட்டால்? ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்கிற புற்றுநோய் செல்கள்மீது ஸ்டாட்டினை ஊற்றியபோது அவை வளர்ச்சி குன்றின, செத்தன. வாட்ஸ்அப் செய்தி வந்தது இந்த இடத்திலிருந்துதான்.

கண்ணாடித் தட்டு வேறு, மாமா வேறு.

தட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். நாம் விழுங்குகிற மாத்திரையைக் குடலிலிருந்து முதல் சுற்றிலேயே ஈரல் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொழுப்பைக் குறைக்க அதுதான் வசதி. ஆனால் மிச்ச உடம்புக்குப் போய்ச் சேருவது, தட்டில் ஊற்றியதோடு ஒப்பிட்டால் துளி. அந்தத் துளியும் கணையக் கட்டிக்குள் நுழையவேண்டும். நார் நாராக இறுகி, ரத்தக் குழாய் குறைவாக உள்ள கட்டி அது. கீமோ மருந்தே உள்ளே போகத் திணறுகிறது.

மனிதர்களிடம் முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். தென் கொரியாவில் முற்றிய நோயுள்ள 114 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஜெம்சிடபின் கீமோ உண்டு. கூடவே ஒரு பாதிக்கு தினம் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாடின், மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. முடிவு 2014-ல் வெளியானது. நோய் முன்னேறாமல் நின்ற காலம் ஸ்டாட்டின் கோஷ்டிக்கு 2.4 மாதம், வெற்று மாத்திரை கோஷ்டிக்கு 3.6 மாதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதுதான் என்கிறது கணக்கு. ஆக, கெடுதல் என்று சொல்ல முடியாது. பிரயோஜனம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"அப்படியானால் ஸ்டாட்டின் சாப்பிட்ட நோயாளிகள் அதிக நாள் இருந்தார்கள் என்று ஆராய்ச்சிகள் சொல்கிறதே, சார்?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்மை. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டிச் செய்த பல ஆய்வுகள் அப்படிச் சொல்கின்றன. ஆனால் சதாபிஷேகம் செய்துகொண்டவர்கள் எல்லோரும் எண்பது வயது வாழ்ந்திருக்கிறார்கள், ஆகவே சதாபிஷேகம் செய்துகொண்டால் ஆயுள் கூடும் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? நோய் வந்து ஆறாவது மாதம் ஸ்டாட்டின் ஆரம்பித்தவர், அந்த ஆறு மாதம் பிழைத்திருந்ததால்தான் ஆரம்பிக்கவே முடிந்தது. இந்தப் பொடியைச் சலித்து எடுக்காத ஆய்வுகளில் மாத்திரை அபார சாதனை செய்தது மாதிரித்தான் தெரியும்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிண்ணா, டாக்டர்கிட்டயே கேட்டுடறோம்" என்றாள். கேட்டார்கள். கீமோ தொடர்கிறது. வாந்திக்கும் அசதிக்கும் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். முதல் நாளே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டிய கஷ்டம் அது. நம் ஊரில் டாக்டரிடம் கஷ்டத்தைச் சொல்ல வெட்கம், வாட்ஸ்அப்பிடம் யோசனை கேட்க வெட்கமில்லை!

'நாளைக்கு நாலு' என்பது விளையாட்டில்லை. ஸ்டாட்டின் அளவு மீறினால் தசை நார்கள் சிதைந்து, சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போய், சிறுநீரகம் பழுதாகலாம். இந்த வம்சத்தில் செரிவாஸ்டாடின் என்ற மருந்தை, இப்படி மரணங்கள் நேர்ந்ததால் 2001-ல் திரும்பப் பெற்றார்கள். சிம்வாஸ்டாடின் 80 மில்லிகிராமைப் புதிதாக யாருக்கும் ஆரம்பிக்க வேண்டாமென்று அமெரிக்க அரசு 2011-ல் சொல்லிவிட்டது. சில ஆன்டிபயாடிக்குகளும் பூஞ்சண மருந்துகளும் கூடச் சேர்ந்தால் ஆபத்து ஏறும். அதேசமயம் இதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறியவும் வேண்டாம். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது.

ஆராய்ச்சிக் கதவு மூடிவிடவில்லை. அமெரிக்காவில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புத் தயாரிப்பைத் தடுத்தபோது எலிகளின் கணையக் கட்டி இன்னும் முரட்டு வகையாக மாறியது என்று கண்டார்கள். பாஸ்டனில் 2024-ல் நேரெதிர். நாள்பட்ட கணைய அழற்சி உள்ள எலிகளுக்கு பிடாவாஸ்டாடின் கொடுத்தபோது, அழற்சி புற்றுநோயாக மாறுவது குறைந்தது. அதாவது வந்த நோயை விரட்டுவதைவிட, வராமல் தடுப்பதில் இதற்கு ஒரு வேலை கிடைக்கலாம். மனிதர்களிடம் அதைச் சோதிக்க ஆயிரக்கணக்கான பேரும் பல வருஷங்களும் நிறையப் பணமும் வேண்டும். காப்புரிமை முடிந்து மலிந்துபோன மாத்திரைக்கு எந்தக் கம்பெனி அவ்வளவு செலவு செய்யும்? அரசாங்கமோ பல்கலைக்கழகமோதான் பையைத் திறக்கவேண்டும்.