எச்சரிக்கை எந்த ஊருக்கு?

புது தில்லியிலிருந்து சென்னைக்கு வரும் தமிழ்நாடு விரைவுத் தொடர்வண்டி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவு ஓடுகிறது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், நாக்பூர், வாரங்கல், விஜயவாடா என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே செல்கின்றன. ஊர்கள் மட்டுமல்ல, வானமும் மாறிக்கொண்டே வருகிறது. மே மாதமாயின் குவாலியரிலும் நாக்பூரிலும் அனல் காற்று வீசும். சனவரியாயின் புறப்படும் இடத்திலேயே மூடுபனி வண்டியைத் தாமதப்படுத்தும். நவம்பரில் தில்லியில் வெயிலைக் கண்டு புறப்பட்டவர்கள் நெல்லூரை நெருங்கும்போது வடகிழக்குப் பருவமழையில் நனையக்கூடும்.

ஆகவே மாணவர்களே, விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் நீங்கள் “இன்று வானிலை எப்படி?” என்று கேட்டால் போதாது. “எந்த மாவட்டத்தில்? எத்தனை மணி வரை?” என்று கேட்க வேண்டும். வானிலை எச்சரிக்கை ஓர் இடத்திற்கும் ஒரு நேரத்திற்கும் உரியது. நாம் இடம் மாறினால், நமக்குரிய எச்சரிக்கையும் மாறிவிடுகிறது.

நம் நாட்டில் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுவது 1875-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறை. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, நாக்பூர், குவாகாத்தி ஆகிய ஆறு நகரங்களில் இதன் மண்டல மையங்கள் உள்ளன. செயற்கைக்கோள் படங்களையும் ரேடார் பதிவுகளையும் தரையிலுள்ள கருவிகளின் அளவீடுகளையும் ஒப்பிட்டு, அடுத்துவரும் ஐந்து நாள்களுக்கான எச்சரிக்கையை மாவட்டவாரியாக இத்துறை வெளியிடுகிறது. அடுத்த மூன்று மணி நேரத்திற்கு மட்டும் உரிய உடனடி அறிவிப்பும் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும்போது முதலாவது உதவும். வழியில் செல்லும்போது இரண்டாவது உதவும்.

தொடர்வண்டி நிலையத்தின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பல்லார்ஷா நிலையம் மகாராட்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் உள்ளது. காட்பாடி நிலையம் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டப் பெயர் தெரியாதவருக்கு எச்சரிக்கைப் பட்டியல் கையில் இருந்தும் பயனில்லை. புறப்படுவதற்கு முன், வழியிலுள்ள மாவட்டங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புவியியல் பாடத்திற்கும் அது உதவும்.

எச்சரிக்கைகள் நான்கு நிறங்களில் தரப்படுகின்றன. பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் செய்திகளைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும். எவ்வளவு மழை பெய்யும் என்பதை மட்டும் கொண்டு நிறம் முடிவு செய்யப்படுவதில்லை. அது பெய்வதற்கான வாய்ப்பு எவ்வளவு, பெய்தால் விளையும் பாதிப்பு எவ்வளவு என்பவையும் கருதப்படுகின்றன. சிவப்பு என்றவுடன் நடுநடுங்கிப் போவதும், “போன முறையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை” என்று அலட்சியம் செய்வதும் தீங்கில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல.

மழையின் அளவைக் குறிக்கும் சொற்களுக்கும் வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டால் அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் அதி கனமழை பெய்தால் இருபதாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர் விழும். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் ஆயிரத்து முந்நூறு குடங்களுக்கு மேல் வரும். ஒரு மாடிக்கே இவ்வளவு என்றால், தெரு முழுவதும் விழுந்த நீர் தாழ்வான சுரங்கப்பாதையில் சேரும்போது என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஓடும் நீர் ஏறக்குறைய ஓரடி உயர்ந்தாலே சிறிய மகிழுந்தை இழுத்துச் செல்லவல்லது. மழைக்காலத்தில் காரில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் இதை மறக்கலாகாது.

எச்சரிக்கை கைபேசிக்கு வந்து சேரும் முறையும் அறியத்தக்கது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ என்னும் அமைப்பு, ஆபத்துள்ள பகுதியிலிருக்கும் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. ‘சசேத்’ என்னும் இந்திச் சொல்லுக்கு ‘விழிப்புடன்’ என்று பொருள். குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே செல்ல வேண்டியிருப்பதால் நெரிசலில் தாமதமாகலாம். இன்னொரு முறையில், கைபேசிக் கோபுரம் வானொலி நிலையத்தைப் போலத் தன் எல்லையிலுள்ள கைபேசிகள் அனைத்திற்கும் ஒரே நேரத்தில் செய்தியைப் பரப்பும். எவருடைய எண்ணும் அதற்குத் தேவையில்லை. 2023-ஆம் ஆண்டில் பல மாநிலங்களில் கைபேசிகள் ஒருசேர உரத்த ஒலி எழுப்பியது இம்முறையின் சோதனையே. அவ்வொலியைத் தொல்லை என்று கருதி, அவசர எச்சரிக்கை அமைப்பை அணைத்து வைத்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பார்த்து மீண்டும் இயக்கி வையுங்கள்.

அமெரிக்காவில் படுக்கையும் அடுப்பும் கொண்ட வீட்டு வண்டியில் ஊர் ஊராகச் செல்வோர் பலர் உள்ளனர். அந்நாட்டு வானிலைத் துறை இரவும் பகலும் வானொலியில் வானிலையை ஒலிபரப்புகிறது. அதைக் கேட்பதற்கென்றே தனி வானொலிப் பெட்டி உண்டு. ‘கவுண்டி’ எனப்படும் ஒவ்வோர் ஆட்சிப் பகுதிக்கும் ஆறு இலக்கக் குறியீட்டு எண் உள்ளது. அந்த எண்ணைப் பெட்டியில் பதித்துவிட்டால், அப்பகுதிக்கு எச்சரிக்கை வரும்போது மட்டும் பெட்டி அலறும். வீட்டில் இருப்பவர் ஒருமுறை பதித்தால் போதும். வண்டியில் செல்பவரோ எல்லை தாண்டுந்தோறும் எண்ணை மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால், நேற்றுத் தங்கிய ஊரின் புயலுக்குப் பெட்டி அலறும். இன்று தங்கும் ஊரின் சூறாவளிக்கு ஊமையாக இருக்கும்.

இதே காரணத்தால், பயணம் செய்யாமல் தில்லியிலோ மும்பையிலோ வீட்டில் இருக்கும்போதும் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. நாகப்பட்டினத்திற்கு வரும் எச்சரிக்கைக்குத் தில்லியிலுள்ள உங்கள் கைபேசி ஒலிக்காது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. முதியவர்கள் உறங்கும் நேரம் அது. வானிலை ஆய்வுத் துறையின் இணையப் பக்கத்தில் பாட்டி வாழும் மாவட்டத்தின் நிறத்தை நீங்கள் மாலையிலேயே பார்க்க முடியும். ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறம் தெரிந்தால் உடனே தொலைபேசியில் அழையுங்கள். கைபேசியில் மின்னேற்றம் உள்ளதா, குடிநீர் பிடித்து வைத்தாயிற்றா, வீடு தாங்காது என்றால் இரவு எங்கே தங்குவார்கள் என்று கேளுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077 என்றும், மாநில அறையின் எண் 1070 என்றும் சொல்லி, பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் செய்யுங்கள்.

பாட்டி உங்களைக் காண வந்திருக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. அவருடைய கைபேசிக்கு எச்சரிக்கை இந்தியிலோ மராத்தியிலோ வரக்கூடும். அதைப் படித்துத் தமிழில் சொல்ல அந்த வீட்டில் உங்களைவிடத் தகுதியானவர் யார்? எந்த மாவட்டம், என்ன ஆபத்து, எத்தனை மணி வரை, என்ன செய்ய வேண்டும் என்னும் நான்கும் மொழிபெயர்ப்பில் விடுபடக் கூடாது. பிறர் பகிர்ந்த செய்தியாயின் நாளையும் ஆண்டையும் முதலில் பாருங்கள். பழைய புயலின் செய்தி புதியதுபோல உலா வருவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடக்கிறது.

செய்தித் தொடர்பே அறுந்துபோனால்? துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பகலில் உருளை, கூம்பு ஆகிய வடிவங்களையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் கம்பத்தில் ஏற்றிக் கப்பல்களுக்கு ஆபத்தை உணர்த்துவர். அவற்றுள் 11-ஆம் எண் கூண்டு தனித்தன்மை உடையது. புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று துறைமுக அலுவலர் கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வராமையும் ஒரு செய்தி என்று கருதிய ஏற்பாடு இது.

1964-ஆம் ஆண்டு திசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணியர் தொடர்வண்டியைப் புயலில் எழுந்த அலை கவிழ்த்தது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இன்று நம் கையில் உள்ள கருவி அன்று எவரிடமும் இல்லை. ஒடிசாவில் 1999-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தனர். அதே மாநிலத்தில் 2013-இல் பைலின் புயல் தாக்கியபோது, ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுடன் நின்றது.

கைபேசி செயலிழந்த இடத்தில் கண்ணும் காதும் உதவும். மின்னலைக் கண்டவுடன் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பதை எண்ணி முடிக்குமுன் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது; கட்டடத்திற்குள்ளோ சன்னல்கள் மூடிய காருக்குள்ளோ சென்றுவிட வேண்டும். மரத்தடி கூடாது. புயலின் நடுவே காற்று திடீரென அடங்கினால் வெளியே வரவும் கூடாது. அது புயலின் ‘கண்’ கடக்கும் நேரமாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறும்.

பயிற்சி

1. நீங்கள் வாழும் நகரிலிருந்து சொந்த ஊர் வரை வழியிலுள்ள மாவட்டங்களை வரிசைப்படுத்தி எழுதுக.

2. ஒரு நாளில் 120 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதற்குரிய பெயர் யாது?

3. 11-ஆம் எண் கூண்டு உணர்த்தும் செய்தியை உம் சொற்களில் எழுதுக.

4. உங்கள் ஊர் மொழியில் வெளிவந்த வானிலை எச்சரிக்கை ஒன்றைப் பாட்டிக்குச் சொல்வதுபோலத் தமிழில் எழுதுக.