கண்டவுடன் காதல் நம்பத் தக்கதா?

மாணவ நண்பர்களே, சரித்திர நாவல்களைப் படித்த பிள்ளைகள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஒரு பார்வையிலேயே காதல் பிறந்துவிடுமா, ஐயா? கதைக்காகக் கட்டியதுதானே?" என்பர். போடிநாயக்கனூரை அடுத்த இராசிங்காபுரத்தில், ஏலமலைச் சரிவை நாள்தோறும் பார்த்து வாழ்கிறவன் நான். காதலர் கூடுதலுக்கு உரிய நிலமாகப் பழந்தமிழர் மலையையே வகுத்தனர். ஆதலால் விடை கூற எனக்கும் சற்று உரிமை உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள்!

தலைவனும் தலைவியும் எதிர்பாராமல் கண்டு காதல் கொள்ளும் நிலையைக் களவு என்றனர் இலக்கண நூலார். விரைவு நமக்குப் புதிதன்று. ஆனால், அவர்கள் பார்வையோடு நின்றுவிடவில்லை. தலைவனைப் பாங்கன் இடித்துரைப்பான். தோழியோ அவனை எளிதில் நெருங்க விடாள். பலகால் அலைய வைப்பாள். இரவில் மலைவழி வருவதில் விலங்கச்சம் வேறு. இக்களவு நீடிக்கும் காலம் இரண்டு திங்களுக்குள் என்று இறையனார் அகப்பொருள் எல்லை கட்டியது. பார்வைக்கு ஒரு நொடி போதும். சோதனைக்கு அது போதாது.

இந்த அளவுகோலைக் கல்கியின் நாவல்களில் வைத்துப் பாருங்கள். 1941-இல் தொடங்கிய 'பார்த்திபன் கனவு' தொடரில், கைதியாகச் செல்லும் சோழ இளவரசன் விக்கிரமனைப் பல்லவ இளவரசி குந்தவி காண்கிறாள். அந்தக் காட்சி மட்டும் இருந்திருந்தால் நான் நம்பியிரேன். நாடு கடத்தப்பட்டவன் ஆண்டுகள் கழித்துத் திரும்பிக் காய்ச்சலில் கிடக்க, அவள் பேணுகிறாளே, அங்கேதான் நம்பிக்கை பிறக்கிறது.

1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் சோழ இளவரசி குந்தவையை வந்தியத்தேவன் முதலில் காண்பது குடந்தைச் சோதிடர் வீட்டில். அவனிடம் அவள் தமையன் தந்த ஓலை இருக்கிறது. அதைப் பெற்றவள், தம்பியை அழைத்துவர அவனையே இலங்கைக்கு அனுப்புகிறாள். உயிரைப் பணயம் வைக்கும் வேலையை ஒருவனிடம் ஒப்படைத்தவளுக்கு அவனை அறியப் பல ஆண்டுகள் வேண்டுமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கிறது. எப்படிச் சந்தித்தனர் என்பதைக் கல் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் நாவலாசிரியர் நுழைகிறார்.

அதே கதையில் கடம்பூர் மணிமேகலையும் வந்தியத்தேவனிடம் விரைவாகவே மனத்தைப் பறிகொடுக்கிறாள். அவனைக் காப்பதற்காகக் கொலைப் பழியையும் தன்மேல் ஏற்க முன்வருகிறாள். அவன் மனமோ வேறிடத்தில். அவள் காதலைப் பொய் என்று எந்த மாணவரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. ஐந்து பாகங்களின் முடிவில் குந்தவையின் திருமணத்தைக் கல்கி நமக்குக் காட்டவில்லை. இறுதி அத்தியாயத்தை மணிமேகலையின் மரணத்துக்கே கொடுத்துவிட்டார்.