தறி வீட்டில் கேமரா

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் தெருவிலேயே பட்டுப் பாவை, அதாவது சேலையின் நெடுக்கு இழைகளை, நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டே நகர்வார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவைச் சுருட்டிவிட வேண்டும். ஊர் பார்க்க வருகிறவர்கள் கோபுரத்தைப் படம் எடுப்பார்கள், கடையில் விரித்த சேலையை எடுப்பார்கள். இழையை முடியும் அந்த விரல்களை எடுக்க வருகிறவர்தான் ஆவண ஒளிப்படக் கலைஞர். நம் நாட்டு மக்கள் எப்படி உழைக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்வது அவர் வேலை.

பழைய கேமராக்களுக்கு இது எளிதாக இருக்கவில்லை. 1857-58இல் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று பயணம் செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். வியப்பான வேலை! ஆனால் அவருடைய கோயில் படங்கள் பலவற்றில் ஆள் நடமாட்டமே தெரியாது. காரணம் வேதியியல். மெழுகு ஊட்டிய காகிதத்தில் வெள்ளி உப்பைப் பூசித்தான் அவர் படம் எடுத்தார். அதில் உருவம் பதிய நிமிடக் கணக்கில் வெளிச்சம் பட வேண்டும். கல் அசையாது, பதிந்துவிடும். குறுக்கே நடந்துபோனவரோ தடமே இல்லாமல் மறைந்துபோவார்.

பிறகு மனிதர்களையும் எடுத்தார்கள். 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 8 தொகுதிகள் ஆங்கிலத்தில் வந்தன. ஆட்களை அசையாமல் நிறுத்தி, கீழே இன்ன சாதி, இன்ன பழங்குடி என்று எழுதினார்கள். பெரும்பாலான படங்களில் அந்த மனிதரின் பெயர் இல்லை. பெயரை விட்டுவிட்டு ஒருவரை அடையாளம் காட்ட முடியும் என்று நினைத்தது பெரிய பிழை என்றே நான் சொல்வேன்.

இப்போது தறி வீட்டுக்குள் போவோம். குழித்தறியில் நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார், கால்கள் குழிக்குள் மிதியை மிதிக்கும். நின்றபடி எடுத்தால் அவருடைய உச்சந்தலைதான் படத்தில் விழும். ஒளிப்படக்காரரும் தரையில் உட்கார வேண்டும்.

உள்ளே வெளிச்சம் குறைவு. குறுக்கு இழையைச் சுமக்கும் நாடா வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் கதவு 1/500 வினாடி திறந்தால், அதற்குள் நாடா 4 மில்லிமீட்டர்தான் நகரும். அநேகமாக நின்றதுபோல் பதியும். ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்தில் உள்ளே வரும் ஒளி போதாது, படம் இருட்டாகிவிடும். 1/30 வினாடி திறந்தால் ஒளி ஏறக்குறைய 17 மடங்கு வரும், நாடாவோ 6 சென்டிமீட்டருக்கு மேல் ஓடி ஒரு கோடாகத் தேய்ந்துவிடும். எனக்குப் பிடித்தது இந்தக் கோடுதான். முகம் தெளிவாக, நாடா மட்டும் கோடாக இருக்கும் படத்தில் வேலையின் வேகம் தெரிகிறது.

இருட்டாக இருக்கிறதே என்று பிளாஷ் போட்டால் சரிகை கெடுத்துவிடும். பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் பூசியதுதான் சரிகை. அது கண்ணாடிபோல ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். சரிகைப் பூ இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார்வதே நல்லது.

மயில் கழுத்து நிறச் சேலை இன்னும் சோதிக்கும். அதில் பாவு ஒரு நிறம், குறுக்கு இழையான ஊடை வேறு நிறம்; நீலமும் பச்சையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பார்வைக்குக் குறுக்கே கிடக்கும் இழைகள் ஒளியைப் பல கோணங்களில் விரித்து அனுப்புவதால், அவற்றின் நிறம் கண்ணுக்கு அதிகம் எட்டும். நீளவாக்கில் கிடக்கும் இழைகளிலிருந்து அவ்வளவு எட்டாது. சேலையைத் திருப்பினால் குறுக்கே இருந்தது நெடுக்காகும், நிறமும் மாறும். ஒரு படத்தில் ஒரு கோணம்தான் அடங்கும். நிறம் மாறுவதைக் காட்ட இரண்டு படங்களாவது வேண்டும்.

கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையிலும் இதே சிக்கல்தான். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா. மறுகரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் உதவியாள் ஒருவர் இருப்பார். ஒரு பக்கமிருந்து நெருக்கமாக எடுத்தால் அவர் படத்திலேயே இல்லாமல் போவார். சேலை ஒருவர் நெய்தது என்று பார்ப்பவர் நம்பிவிடுவார்!

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' என்னும் ஊரக மக்கள் ஆவணக் காப்பகம், இந்தியாவின் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் சாதாரண மக்களின் முகங்களைச் சேகரிக்கிறது. முகத்தோடு அவரவர் செய்யும் தொழிலையும் குறிக்கிறது. அதில் பணியாற்றும் மதுரைக்காரர் மு. பழனிக்குமார், மீன் விற்கும் தம் அம்மாவின் உழைப்பைப் படமாக்கியவர். பிள்ளைகளுக்கும் ஒளிப்படம் எடுக்கக் கற்றுத்தருகிறார்.

நீங்களும் எடுக்கலாம். வீட்டில் பட்டுச் சேலை இருந்தால் ஜன்னலோரம் விரித்து, நெடுக்காக ஒரு படம், பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து நிறத்தை ஒப்பிடுங்கள். தறி வீட்டுக்குப் போனால் முதலில் அனுமதி கேளுங்கள். நெய்பவரின் பெயரையும் மறுகரையில் இருப்பவரின் பெயரையும் எழுதிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். எடுத்த படத்தை அவர்களிடம் காட்டி, இதில் எது விட்டுப்போயிற்று என்றும் கேளுங்கள்.