நிலாவைச் சுட்டும் விரல்

பிள்ளை குப்புறக் கவிழ்ந்ததா, பல் முளைத்ததா, எடை ஏறியதா என்று கேட்காத வீடு இல்லை. முகம் பார்த்து என்றைக்குச் சிரித்தது, புது ஆளைக் கண்டு என்றைக்கு வீறிட்டது என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் குறித்து வைத்திருக்கிறார்.

அவருடைய திருமொழியின் தொடக்கப் பதிகங்களைப் பாருங்கள். கண்ணன் சப்பாணி கொட்டுகிறான், தளர்நடை நடக்கிறான், ஓடிவந்து அணைக்கிறான். பிறகு பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்கிறான், அப்பூச்சி காட்டி மிரட்டுகிறான். நடையைத் தவிர மற்றதெல்லாம் எதிரே இன்னொரு ஆள் இருந்தால்தான் நடக்கும். இன்றைய குழந்தை மருத்துவர்களின் அட்டவணையிலும் இதே வகைதான்: 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு, 9 மாத வாக்கில் புதியவரிடம் மிரட்சி, 15 மாதத்தில் கட்டிப்பிடித்துப் பாசம் காட்டுவது.

எல்லாவற்றிலும் பெரியதாக எனக்குப் படுவது அம்புலிப் பதிகம். தாயின் இடுப்பில் இருந்தபடி கண்ணை அகல விரித்து நிலாவைச் சுட்டிக் காட்டுகிறான் பிள்ளை. நிலா வேண்டும் என்பது பாதி. தான் பார்ப்பதை அம்மாவும் பார்க்க வேண்டும் என்பது மீதி. அந்த மீதியைத்தான் 18 மாதத்துக்குள் மருத்துவர்கள் தேடுகிறார்கள். பேச்சுக்கு அதுதான் வாசல்.

பெரியாழ்வார் ஊருக்குப் பக்கத்து ராஜபாளையத்தில் இன்று நூற்பாலைகள் ஷிப்ட் மாற்றி ஓடுகின்றன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள். அம்மா வேலைக்குப் போன வீட்டில் பிள்ளை அம்மாச்சியிடம். சோறு இறங்கச் செல்போன். என் கவலையெல்லாம் இந்தச் செல்போன்தான். கேட்காமலே அதில் நிலா வருகிறது, யானை வருகிறது. பிள்ளை எதற்கு விரல் நீட்டும்? நீட்டினாலும் யார் திரும்பிப் பார்ப்பது? 2 வயது நிறையாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. செல்போனால் மட்டும் பிள்ளை பின்தங்காது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள்.

அம்மாச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் முதுகு வலிக்கும். அங்கன்வாடியின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் 2 வயதில்தான் தொடங்குகிறது. அதுவரை என்ன செய்வது? பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியாயிற்று. தொட்டிலும் பாலும் உள்ள காப்பகத்தில், பிள்ளையோடு பேசி விளையாட ஓர் ஆளையும் கேட்டு வாங்க வேண்டும்.

18 மாதமாகியும் விரல் நீட்டாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை, ‘அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அரசின் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் 2013 முதல் வளர்ச்சித் தாமதத்துக்கு இலவசப் பரிசோதனை உண்டு. முதலில் அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள்.