எண்ணிக்கை சரி, குலுக்கல் சரியா?

மகாராஷ்டிர அரசின் வீட்டு வசதி அமைப்பான மகாடாவின் வீட்டுக் குலுக்கல் கணினியில் நடக்கிறதே, எல்லா எண்ணும் சம அளவில் விழுகிறதா என்று பார்த்தால் நம்பிவிடலாமா என்று செம்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார். முடியாது. காரணத்தை மும்பையின் பழைய சூதாட்டமான மட்காவை வைத்தே சொல்லலாம்.

நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க, முடிவு விலைகள்மேல் பந்தயம் கட்டுவதில் ஆரம்பித்த ஆட்டம் அது. 1960-களின் தொடக்கத்தில் அந்த வழி அடைபட்டதும் கல்யாண்ஜி பகத், ரத்தன் கத்ரி போன்றவர்கள் தாங்களே எண் எடுக்கத் தொடங்கினார்கள். வரலாறு இவ்வளவு போதும். எடுத்த முறையில்தான் விஷயம் இருக்கிறது.

0 முதல் 9 வரையில் மூன்று எண்களை எடுத்துக் கூட்டி, கடைசி இலக்கத்தை வைத்துக்கொள்வார்கள். 2, 6, 7 என்றால் 15, ஆக 5. இரண்டு எண் போதாதா? வெவ்வேறு இரண்டை எடுத்துப் பாருங்கள். கூட்டல் 0-இல் முடிய 1-9, 2-8, 3-7, 4-6 என நான்கே ஜோடி. 1-இல் முடிய 0-1, 2-9, 3-8, 4-7, 5-6 என ஐந்து. ஒற்றைப்படை இலக்கங்களுக்கெல்லாம் ஐந்து, இரட்டைப்படைக்கு நான்கு. மூன்றாவது எண் வந்ததும் இந்தக் கோணல் நிமிர்கிறது. எடுத்த மூன்றோடும் தலா ஒன்று கூட்டுங்கள், 9 மட்டும் 0 ஆகட்டும். விடை 3 இடம் நகரும். கூட்டிக்கொண்டே போனால் 0, 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7 என்று பத்தையும் தொட்ட பிறகே புறப்பட்ட இடத்துக்கு வரும். 3-க்கும் 10-க்கும் 1 தவிரப் பொது வகுத்தி இல்லை. இரண்டு எண்ணில் நகர்வு 2 என்பதால் ஒற்றை ஒற்றையிலேயே சுற்றும். மூன்றில், ஒரே எண் திரும்ப வருவதையும் சேர்த்தால் மொத்தம் 220 சேர்க்கை, இலக்கத்துக்கு 22. எவ்வளவு கச்சிதம்!

ஆனால் எண்ணிக்கை சமமாக இருப்பது மட்டும் போதாது. கணினி முந்தைய எண்ணிலிருந்தே அடுத்ததைச் செய்கிறது. 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்த மீதியை எடுங்கள்: 0, 3, 2, 13, 4, 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9. பதினாறும் தலா ஒரு முறை. கார்ல் பியர்சன் 1900-இல் தந்த கைவர்க்கச் சோதனை, வரவேண்டிய அளவுக்கும் வந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, வரவேண்டிய அளவால் வகுத்துக் கூட்டுகிறது. இங்கே விடை பூஜ்யம். பத்து இலக்கங்களைச் சோதிக்கும்போது 16.92-ஐத் தாண்டினால் சந்தேகப்படச் சொல்வார்கள். 3.33-க்குக் கீழே போனாலும் சந்தேகப்பட வேண்டும். தற்செயல் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. வரிசையை மறுபடி பாருங்கள்: இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை.

மாட்டுங்காவில் ஒரு பந்தி என்று வைத்துக்கொள்வோம். இலைக்கு இரண்டு வடை. எண்ணினால் கணக்கு சரி. ஆனால் பரிமாறுபவர் எப்போதும் இடக்கோடியிலிருந்தே வந்தால் வலக்கோடிக்கு என்றும் ஆறிய வடைதான். அது தெரிந்தவர் முதல் இலையில் போய் உட்காருவார். இலையை எண்ணினால் போதாது, வாளி போகும் வழியையும் பார்க்க வேண்டும். 1960-களில் ஐபிஎம் கணினிகளோடு பரவிய, தற்செயல் எண்களைத் தரும் 'ராண்டு' நிரல் அப்படித்தான் அகப்பட்டது. தனித்தனியே பார்த்தால் சீர்; மும்மூன்றாக எடுத்து ஒரு கனசதுரத்துக்குள் புள்ளி வைத்தால் அத்தனையும் 15 தளங்களில் அடுக்கி நின்றன.

பழைய மட்கா முடிவுகளின் சார்ட்டைக் காட்டி, செயற்கை நுண்ணறிவு நாளைய எண்ணைச் சொல்லும் என்று விற்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். நடத்துபவர் தினமும் குறைவாகப் பணம் கட்டப்பட்ட இலக்கத்தையே எடுத்தாலும், பந்தயம் நாளுக்கு நாள் மாறுவதால் சார்ட் சமமாகவே தெரியலாம். முடிவுகளைப் பந்தயக் கணக்கு நோட்டோடு ஒப்பிட்டால்தான் திருட்டு பிடிபடும். ஆகவே எந்தக் குலுக்கலிலும் கேட்க வேண்டியவை இவை: விண்ணப்பப் பட்டியல் முதலில் பூட்டப்பட்டதா, தொடக்க எண் அதன் பிறகு எல்லோர் முன்னிலையிலும் எடுக்கப்பட்டதா, அதே நிரலை வெளியாள் ஒருவர் ஓட்டினால் அதே பெயர்கள் வருகின்றனவா?