கேட்டுக்கு முன்னால் யார் வண்டி?

ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வருகிறவர்களின் வேன்களும் கார்களும் எங்காவது நின்றுதானே ஆக வேண்டும்? உண்மைதான். ஆனால் அந்த இடம் ஒரு வீட்டின் கேட்டாக இருக்கக் கூடாது. வளாக வாசலை மறித்து வண்டி நிறுத்தாதே என்று 1989-இலேயே சாலை விதிகள் சொல்லிவிட்டன. மற்றவர்களுக்கு இடைஞ்சலாக வண்டியை விட்டுப்போவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவின்படியும் தவறு. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் தவறான பார்க்கிங்குக்கு அபராதம் 500 ரூபாய், மறுபடி சிக்கினால் 1,500. "பத்து நிமிஷம்தானே" என்பார்கள். உள்ளே நெஞ்சுவலியில் துடிப்பவருக்கு 108 வந்து நிற்க அந்தப் பத்து நிமிஷம்தான் தேவை.

அதற்காக, தெருவே வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. கேட்டின் அகலத்துக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு. மதில் நெடுக உள்ள தெருவோரம் பொதுச் சொத்து. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கொட்டி, நடுவே கம்பி நட்டு, 'நோ பார்க்கிங்' என்று எழுதிவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. இப்படி அனுமதியின்றி வைத்த பலகைகளையும் மணல் மூட்டைகளையும் அகற்றும்படி 2024-இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை எச்சரித்தது. சாக்கடையை மூடித் தெருவுக்குள் நீட்டிக் கட்டும் சாய்தளமும் ஆக்கிரமிப்புதான்; மழைநீர் தேங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். திருவிழாவுக்கு முன்பே பேரூராட்சியும் காவல்துறையும் ஊருக்கு வெளியே வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, வழிகாட்டிப் பலகை வைக்கட்டும். அதன் பிறகும் கேட்டை மறிப்பவரிடம் தயங்காமல் அபராதம் வசூலிக்கட்டும்.